கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டர்: சாவி போடும் முன் ஒரு பாடம்

நிலபுலம் உள்ள பல வீடுகளின் கொல்லைக் கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர் நின்றுகொண்டிருக்கும். அத்தா காலத்தில் வாங்கியதாக இருக்கும். அவர் மௌத்தான பிறகு ஓட்ட ஆளில்லை. பிள்ளைகள் சபர் போய்விட்டார்கள். வண்டியின் மேல் வைக்கோலும் கோழி எச்சமும் சேர்ந்துகொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை பழைய இரும்பு வியாபாரி வந்து எடைக்கு விலை கேட்டுவிட்டுப் போவார்.

சபரிலிருந்து திரும்பி ஊரிலேயே தங்க நினைக்கும் சகோதரர்களுக்கு இந்த வண்டி ஒரு பிழைப்பாக அமையலாம். சொந்த நிலத்தை உழலாம். அக்கம்பக்கத்து நிலத்துக்கு வாடகை உழவும் போகலாம். ஆனால் ஆசையில் பலரும் முதலில் செய்யும் காரியம், ஒரு புது பேட்டரியை மாட்டி, செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான். பத்து வருடம் நின்று கெடாத என்ஜின் அந்தப் பத்து நொடியில் கெட்டுப்போகிறது. சில நேரம் வண்டியோடு மனிதனும் அடிபடுகிறான்.

ஆகவே இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: நின்ற வண்டிக்குச் சாவி போடுவது கடைசி வேலை. அதற்கு முன் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

பாடத்துக்கு எடுத்துக்கொண்ட வண்டி

நம் மாநிலத்துக் கொட்டகைகளில் அதிகம் காணப்படுவது மாஸி ஃபெர்குசன் 1035 வகை. 1960இல் மதராஸில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம், மாஸி ஃபெர்குசன் கம்பெனியோடு சேர்ந்து தயாரித்த வண்டி இது. இங்கிலாந்தில் ஓடிய எம்.எஃப். 35 என்ற வண்டியின் வழிவந்தது. இதிலுள்ள 3 சிலிண்டர் டீசல் என்ஜின் சென்னை சிம்ப்சன் தயாரிப்பு. அது பெர்கின்ஸ் என்ஜின் வழியில் வந்தது.

இந்த வரலாற்றால் நமக்கு ஒரு லாபம் உண்டு. இதே குடும்பத்து என்ஜின் பல பத்தாண்டுகள் நம் ஊரிலேயே தயாரானதால், லைனர், பிஸ்டன், ரிங், வால்வு, கேஸ்கெட், ஃபில்டர் போன்றவை கிடைப்பது கடினமில்லை. வேலை தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அபூர்வமான வெளிநாட்டு வண்டியாக இருந்தால் ஒரு சிறு பாகத்துக்கே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். உங்களிடம் இருப்பது வேறு வண்டி என்றால், பணம் இறக்குமுன் உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டில் பேசி முடிக்க வேண்டியது

பங்கு பிரிக்காத டிராக்டர் ஓட்டுகிறவருக்கு மட்டும் சொந்தமல்ல. மௌத்தானவரின் மனைவி, ஆண் மக்கள், பெண் மக்கள், உயிரோடு இருந்தால் அவருடைய பெற்றோர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த பெண்பிள்ளை தூரத்து ஊரில் இருக்கிறாள் என்பதால் அவள் பங்கு மறைந்துவிடாது. ஒரு தம்பி தன் கைக்காசைப் போட்டு வண்டியை ஓட வைத்த பிறகு பேச்சு எழுந்தால், செலவு எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் உறவு முறியும்.

எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். வண்டியின் இன்றைய விலையை, அதாவது ஓடாத நிலையில் உள்ள விலையை, இரண்டு பேரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார் எடுத்துக்கொள்கிறார், மற்றவர் பங்கை எப்போது கொடுக்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தையும் தேடி எடுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 3 மாதங்களுக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தால் அலுவலகத்தில் நேரில் கேட்டு, இனிமேல் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள். பதிவு காலாவதியாகி, காப்பீடும் இல்லாத வண்டி சாலைக்கு ஏறினால், ஒரு விபத்து குடும்பத்தின் மொத்தச் சொத்தையும் விழுங்கிவிடும்.

முதல் நாள்: பார்வை மட்டும்

முதல் நாளில் எதையும் கழற்ற வேண்டாம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நீண்ட கம்பால் அடிப்பக்கத்தையும் சீட்டின் கீழேயும் தட்டிப் பாருங்கள்; பாம்பும் குளவிக்கூடும் இருக்கும் இடங்கள் அவை. பிறகு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

சைலன்சர் குழாய் வானத்தைப் பார்த்து நிற்கிறதா, அதற்கு மூடி இருந்ததா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. மூடியில்லாத குழாய் வழியே இறங்கும் மழைநீர், திறந்த நிலையில் நின்றுவிட்ட வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். அங்கே லைனரில் துரு ஏறி, பிஸ்டன் ரிங் அதோடு ஒட்டிக்கொள்ளும். என்ஜின் ஜாம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

அடுத்து ஏர் கிளீனர். எலி கூடு கட்ட விரும்பும் இடம் இது. ஆயில் கிண்ணத்தைக் கழற்றினால் பஞ்சும் வைக்கோலும் வரலாம். அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் அத்தனை குப்பையையும் என்ஜின் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, எல்லா எண்ணெயும் தண்ணீரும். என்ஜினின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தாலும் தண்ணீர் கலந்துள்ளது என்றே பொருள். கியர் பெட்டியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். இந்த வகை வண்டியில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் எண்ணெய் ஒன்றுதான். கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் இறங்கியிருந்தால், கலப்பையைத் தூக்கும் பம்பும் சேர்ந்து கெடும்.

என்ஜினைக் கையால் சுற்றுதல்

இனி என்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாரால் அல்ல, கையால்.

மூன்று நாசில்களையும் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் டீசலும் கியர் ஆயிலும் கலந்த கலவையை ஒரு டீ கிளாஸில் பாதி அளவு ஊற்றி, சுத்தமான துணியால் துளையை மூடி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு முன்பக்கப் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். அசையவில்லை என்றால் மறுபடி ஊற்றி, மறுபடி காத்திருங்கள். ஒரு வாரம் ஆனாலும் நஷ்டமில்லை.

இங்கேதான் பொறுமை இழந்து, இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி, கியரைப் போட்டு இழுக்கிறார்கள். ஒட்டிக்கொண்ட பிஸ்டனை அந்தப் பலத்தில் இழுத்தால் ரிங் நொறுங்கும், கனெக்டிங் ராடு வளையும். சில நூறு ரூபாய் எண்ணெயால் முடிய வேண்டிய வேலை முழு என்ஜின் வேலையாக மாறிவிடும். ஒரு வாரம் ஊறியும் அசையாத என்ஜினுக்கு ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் முறை.

அசைந்துவிட்டால் மேலே உள்ள ராக்கர் மூடியைத் திறந்து வையுங்கள். 3 சிலிண்டருக்கு 6 வால்வுகள். என்ஜினைக் கையால் முழுச் சுற்றுகளாகச் சுற்றும்போது ஆறும் ஒவ்வொன்றாக இறங்கி, மறுபடி தானாக ஏற வேண்டும். ஏதாவது ஒன்று இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் உடனே நிறுத்துங்கள். அது ஒட்டியிருக்கிறது. அதைத் தளர்த்தாமல் ஓட்டினால் புஷ் ராடு வளையும். பிஸ்டன் வால்வில் இடிக்கவும் கூடும்.

நாசில்களைத் திரும்ப மாட்டும் முன் இன்னொரு முறை என்ஜினைப் பல சுற்று சுற்றி, ஊற்றிய கலவையை வெளியேற்றிவிட வேண்டும். காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. சிலிண்டரில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடுதான் வளையும். துளை வழியே எண்ணெய் பீச்சும் என்பதால், சுற்றும்போது முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள்.

டீசல் போகும் வழி

பழைய டீசலை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள். பல வருடம் நின்ற டேங்கின் அடியில் தண்ணீரும் துருவும் கறுப்புக் கசடும் இருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி மாட்டுங்கள். டீசல் ஃபில்டர்களைப் புதிதாகப் போடுங்கள். வெடித்த ரப்பர் குழாய்களை மாற்றுங்கள்.

அடுத்தது டீசல் பம்ப். இதை நாமே திறக்கக் கூடாது. ஆனால் அதன் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. என்ஜினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைப் பம்புக்குள் ஒரு சிறிய பாகம் நகர்ந்து தீர்மானிக்கிறது. அதை நகர்த்துவது கவர்னர். என்ஜின் நிற்கும்போது அந்தப் பாகம் பெரும்பாலும் அதிக டீசல் விடும் பக்கத்திலேயே நிற்கும். டீசல் காய்ந்து பிசினாகி அங்கேயே ஒட்டிக்கொண்டால், என்ஜின் பிடித்தவுடன் யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் வேகம் ஏறும். ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் குறையாது. ஸ்டாப்பர் கம்பியை இழுத்தாலும் நிற்காமல் போகலாம். சில நொடிகளில் என்ஜின் சிதறக்கூடிய வேகம் வந்துவிடும்.

ஆகவே வருடக்கணக்கில் நின்ற வண்டியின் பம்பையும் நாசில்களையும் பம்ப் பட்டறைக்கு அனுப்பிச் சோதித்து வாங்குங்கள். செலவைச் சுருக்க வேண்டுமானால் பெயின்டிலும் சீட்டிலும் சுருக்குங்கள். இங்கே வேண்டாம்.

பிறகு ஏர் எடுத்தல். குழாய்களில் காற்று இருந்தால் டீசல் என்ஜின் பிடிக்காது. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். அதே போல் டீசல் பம்பில் செய்யுங்கள். கடைசியாக, என்ஜினைச் சுற்ற வைத்து நாசில் குழாய் நட்டுகளில் ஏர் எடுக்க வேண்டும். நாசிலில் டீசலின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். கசிவு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கவே கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஊசி போல் தோலைத் துளைத்து டீசல் உள்ளே போனால், புண் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

செல்ஃப், பேட்டரி, ஒரு கொடிய பழக்கம்

எலி கடித்த ஒயர்களை மாற்றிய பிறகே பேட்டரியை மாட்டுங்கள். மாட்டும்போது எர்த் ஒயர் கடைசி; கழற்றும்போது எர்த் ஒயர் முதல். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றும்.

இந்த வண்டியில் ஹை-லோ கம்பி நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் அது வேலை செய்யாமல் போயிருக்கும், அல்லது யாராவது ஒயரை நேரடியாகக் கட்டியிருப்பார்கள். அதைச் சரிசெய்யுங்கள். தரையில் நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்படி நிற்கும் ஆள் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால் நிற்கிறார். வண்டி கியரில் இருந்தால், என்ஜின் பிடித்த மறுநொடி சக்கரம் அவர் மேல் ஏறும். விலகுவதற்கு நேரம் இருக்காது. சீட்டில் உட்காராமல் டிராக்டரை ஸ்டார்ட் செய்வதில்லை என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட்

வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். மூடிய கொட்டகைக்குள் புகை உயிரைக் குடிக்கும். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். டீசல் தீயைத் தண்ணீர் பரப்பும்.

புதிய ஆயில், புதிய ஆயில் ஃபில்டர், ரேடியேட்டரில் சுத்தமான தண்ணீர், நியூட்ரல், சக்கரத்துக்குக் கட்டை. எல்லாவற்றையும் நோட்டில் டிக் செய்யுங்கள். ஒரு நம்பிக்கையான ஆளை, ஏர் கிளீனர் குழாயின் வாயை முழுதாக மூடக்கூடிய மரப்பலகையோடு நிறுத்துங்கள். என்ஜின் கட்டுமீறி ஓடி, ஸ்டாப்பருக்கும் அடங்காவிட்டால், காற்றை அடைப்பதுதான் வழி. கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயில் காட்டி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். ஹெட் கேஸ்கெட்டும் போகும், முகமும் கருகும்.

ஸ்டாப்பரை இழுத்து வைத்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். ஒரு முறைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். இடையில் மோட்டார் ஆற விடுங்கள். ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை இப்படிச் செய்யுங்கள். உலர்ந்த பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஸ்டாப்பரை விட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைச் சேமிக்கப் போய்த்தான் பலரும் கிராங்க் பேரிங்கை இழக்கிறார்கள்.

என்ஜின் பிடித்ததும் வேகத்தைக் கூட்டாதீர்கள். பிரஷர் முள்ளைப் பாருங்கள். சில நொடியில் ஏறாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பிறகு புகையைப் பாருங்கள். முதலில் வரும் வெள்ளைப் புகை, எரியாத டீசலும் ஈரமும். சூடானதும் குறைய வேண்டும். நீலப் புகை தொடர்ந்தால் ரிங் வழியாகவோ வால்வு வழியாகவோ எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். கால் மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, ஆயில் நிறத்தையும் ரேடியேட்டர் அளவையும் பாருங்கள். சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். உள்ளே இருந்த துருவும் கசடும் அதோடு வந்துவிடும்.

வயலுக்குப் போகும் முன்

என்ஜின் ஓடுவது பாதி வேலைதான். நீண்ட நாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவால் ஒட்டியிருக்கும். மிதியை முழுதாக அழுத்தியும் கியர் விழாமல் கரகரத்தால் அதுதான் காரணம். அந்த நிலையில் கியரைத் திணித்தால் வண்டி பாயும். இரண்டு பிரேக்கும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் சாலையில் வண்டி சட்டென்று திரும்பிக் கவிழும். வெடிப்பு விட்ட டயரில் பாரம் ஏற்ற வேண்டாம். ஸ்டீயரிங் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். பி.டி.ஓ. தண்டின் மூடி காணாமல் போயிருந்தால் புதிதாகப் போட்ட பிறகே அதில் எதையும் மாட்டுங்கள். கைலியும் துப்பட்டாவும் அதில் சுற்றிக்கொண்டால் இழுத்து விடுவிக்க முடியாது.

எதையாவது இழுக்கும்போது சங்கிலியைப் பின்னால் தாழ்வாக உள்ள டிராபாரில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே, சீட்டுக்குப் பின்னால் மாட்டினால் முன் சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுநர் மேல் கவிழும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, என்ஜின் பிளாக் வெடித்திருக்கிறது, கியர் பெட்டியும் உடைந்திருக்கிறது என்று தெரிந்தால், இரும்பு விலைக்குக் கொடுப்பதில் குறைவொன்றுமில்லை. நோட்டில் எழுதிய கணக்கே அந்த முடிவைச் சொல்லிவிடும். அத்தாவின் ஞாபகம் என்பதற்காகக் கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருந்தால், முறைப்படி எழுப்பிய வண்டி இன்ஷா அல்லாஹ் இன்னும் பல போகம் உழும்.

இளைஞர்களுக்கான கேள்விகள்

1. ஜாம் ஆன என்ஜினை வேறு வண்டியால் ஏன் இழுக்கக் கூடாது?
2. நாசில்களை மாட்டும் முன் சிலிண்டரில் ஊற்றிய எண்ணெயை ஏன் வெளியேற்ற வேண்டும்?
3. என்ஜின் கட்டுமீறி ஓட என்ன காரணம்? எதைக் கொண்டு, எங்கே அடைத்து நிறுத்த வேண்டும்?
4. தரையில் நின்று செல்ஃப் முனைகளைத் தொட்டு ஸ்டார்ட் செய்தால் என்ன நேரும்?
5. ஸ்டாப்பரை இழுத்துக்கொண்டே முதலில் செல்ஃப் அடிப்பது எதற்காக?
6. உங்கள் வீட்டு வண்டியில் யார் யாருக்குப் பங்கு உண்டு?

இவற்றில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும், அந்தப் பகுதியை மறுபடி படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.